வலிப்புக் குளிசையும் ஒழுங்கை டிஸ்பென்சரியும்

கொண்டாவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. எட்டு வருடமாக வலிப்புக்குக் குளிசை போடுகிறேன். இதை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சனம் சலரோகத்தைப் பற்றிக் கல்யாணவீட்டுப் பந்தியில் இருந்துகொண்டே கதைக்கும், பிரஷர் ஏறினதைக் கொஞ்சம் பெருமையாகவும் சொல்லும். வலிப்பை மட்டும் படலைக்கு வெளியே விடாது.

விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேர் கடைக்கு வந்து, துணியை அளக்கக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: நரம்பு டொக்டரிடம் போகாமல் இந்த மருந்தை எழுதி எடுக்கலாமா? நான் இரண்டரை வருடமாக அப்படித்தான் எடுக்கிறேன். பலாலி வீதியில் இருந்து இறங்குகிற ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற சின்ன டிஸ்பென்சரியில். அந்த டிஸ்பென்சரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் போட மாட்டேன். டொக்டருக்கு விளம்பரம் பிடிக்காது. பிடித்தாலும், அங்கே வாங்கில் இருக்கிற கூட்டம் இப்பவே காணும்.

முதலில் என் கதை. 2017 தை மாதம், பள்ளிக்கூட யூனிபோம் தைத்துக் கொடுக்கிற நெருக்கடி. மூன்று இரவு ஒழுங்கான நித்திரை இல்லை. நாலாம் நாள் விடிய, மெஷினில் இருந்தபடியே சரிந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. மனைவி சொல்லித்தான் தெரியும்: இடது கை முதலில் இழுத்ததாம், பிறகு உடம்பு முழுக்க. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து "இரும்பைக் கையில குடுங்கோ" என்று கத்தியிருக்கிறார். தையல் கடையில் கைக்கு எட்டுகிற இரும்பு என்ன? கத்தரிக்கோல். எட்டு அங்குலக் கத்தரிக்கோலை, இழுத்துக்கொண்டிருக்கிறவன் கையில் கொடுக்கப் பார்த்த மனிதர் இன்றைக்கும் என் நல்ல நண்பர். இரும்பாலே ஒன்றும் நிற்காது. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தன்பாட்டில் நிற்கும், அந்த நேரம் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் வந்துவிடும். ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, வாய்க்குள் ஒன்றையும் திணிக்காமல், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன்னம் மறுபடியும் வந்தால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்னையும் அன்றைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன், ஈஈஜி எல்லாம் எடுத்து, நரம்பியல் நிபுணர் பார்த்து, கார்பமசெப்பின் என்ற வலிப்புக் குளிசையைத் தொடங்கினார். சின்ன அளவில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. "உடம்பில சிவப்பாப் போட்டாலோ, வாய் அவிஞ்சாலோ குளிசையை நிப்பாட்டிப்போட்டு உடன வாரும்" என்று இரண்டு தரம் சொன்னார். எங்களைப் போன்ற ஆசியச் சனத்தில் சிலருக்கு மரபணுவிலேயே இந்த மருந்துக்குத் தோல் உரிகிற ஆபத்து இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் அதிர்ஷ்டம், ஒன்றும் போடவில்லை. 2019 சிவராத்திரிக்குக் கண் விழித்து, மறுநாள் விடிய ஒன்று வந்தது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. சிவனுக்கு இப்போது பகலில்தான் கும்பிடுகிறேன்.

2022இல் பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை, நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. அந்த வருடம்தான் நிபுணரே சொன்னார்: "உமக்கு அளவு பிடிச்சிட்டுது. மாதம் மாதம் என்னட்ட வரவேண்டியதில்லை. பக்கத்தில ஒரு குடும்ப டொக்டரைப் பாரும், நான் கடிதம் தாறன். வருசத்தில ஒருக்கா வந்தாக் காணும்." முழுதாக ஒரு பக்கக் கடிதம். வருத்தம் எந்த வகை, எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசி வலிப்பு எப்போது. இந்தக் கடிதத்தின் பெறுமதி அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. மடித்துச் சாமித்தட்டில் வைத்துவிட்டு, பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்கத் தொடங்கினேன். குடும்ப டொக்டருக்குக் காசு ஏன் என்ற நினைப்புத்தான்.

இனிச் சொல்லப் போகிற பாமசிக்கும் பெயர் இல்லை. எனக்கு எழுதியிருந்தது கார்பமசெப்பின் சீஆர் 400 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவு ஒன்று. ஒருநாள் சீஆர் இல்லை. கவுண்டரில் நின்ற பொடியன் சாதாரண 200 மில்லிகிராம் குளிசையை எண்ணிக் கடித உறைக்குள் போட்டுவிட்டு, "ரெண்டு ரெண்டாப் போடுங்கோ அண்ணை. எல்லாம் ஒண்டுதான்" என்றான். இரண்டு இருநூறு நானூறு. நான் நாள் முழுக்க அங்குலம் கூட்டிக் கழிக்கிறவன், கணக்கில் பிழை தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டேன். பத்தரை இருக்கும், ஒரு சாறி பிளவுசுக்குக் கொக்கி வைக்க ஊசியில் நூல் கோத்தால் ஊசி இரண்டாகத் தெரிகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் கண் இருக்கிறது. எந்தக் கண்ணுக்குள் நூலை விட்டாலும் நூல் வெளியே போகிறது. ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இரண்டு. எழும்பி நின்றால் கள்ளுக் குடித்தவன் மாதிரித் தரை சாய்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு தெளிந்தது. மூன்றாம் நாள் விடியப்புறம் நித்திரையால் எழும்ப, இடது கை விரல்களில் அந்தப் பழைய எறும்பு ஊர்கிற உணர்வு. வலிப்புக்கு முன்னம் எனக்கு வருவது அதுதான். மேலே போகாமல் நின்றுவிட்டது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பின்னேரம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்றாள். வெளிக்கிட்டேன்.

அப்படித்தான் இந்த டிஸ்பென்சரிக்கு முதன்முதலாகப் போனது.

பழைய நாற்சார் வீட்டின் முன் விறாந்தை. இரண்டு வாங்கு, நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒன்றுக்குக் கால் விண்டிருக்கும், சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள், தெரியாமல் இருந்துவிடாதீர்கள். துண்டு கொடுக்கிற அக்கா ஒருவர். பழைய கலண்டர் மட்டையைச் சதுரமாக வெட்டி நம்பர் எழுதி வைத்திருக்கிறார். என் முதல் நம்பர் 19. மட்டையின் பின்பக்கத்தில் முருகனின் ஒரு பாதம் இருந்தது.

டொக்டருக்கு அறுபது வயது மட்டில். கடிதத்தை வாசித்தார். ஒருதரம் அல்ல, இரண்டு தரம். பிறகு "குளிசையைக் காட்டும்" என்றார். உறையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தினை மணிக்குப் போட்டனீர்? எத்தினை மணிக்கு ரெண்டாத் தெரிஞ்சது?" என்று கேட்டு எழுதினார். விரலை அங்கும் இங்கும் அசைத்து, கண்ணாலே பின்தொடரச் சொன்னார். கதவில் இருந்து யன்னல் வரைக்கும் ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலில் முட்ட முட்ட நடக்கவிட்டார்.

"பொடியன் கணக்குச் சரிதானே டொக்டர்?" என்றேன்.

"சரிதான். ஒரு நாளைச் சோத்தை ஒரேயடியாத் திண்டாலும் கணக்குச் சரிதான்."

சீஆர் என்பது உள்ளே போய் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைகிற குளிசையாம். அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். சாதாரணக் குளிசை கெதியாகக் கரையும். அளவு ஒரேயடியாக ஏறும், அப்போதுதான் ஊசி இரண்டாகத் தெரிகிறது. பிறகு இறங்கும், விடியப்புறம் எறும்பு ஊர்கிறது. அதே மருந்து, அதே மில்லிகிராம். சீஆரைச் சப்பித் தின்றாலும் இதே கதிதான் என்றார். நான் சிலவேளை சப்பியிருக்கிறேன். சொல்லவில்லை.

இதில் பாமசிப் பொடியனை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. "எல்லாம் ஒண்டுதான்" என்பது இந்த நாட்டில் பாதி உண்மை, நல்ல உண்மை. சேனக பிபிலே என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது அவருடைய முயற்சியால்தான். கொம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்பதை உலகத்துக்கே காட்டியவர். பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றுதான், யாருக்கும் சந்தேகம் இல்லை. வலிப்பு மருந்தில்தான் கொஞ்சம் முரண்டு. அளவு சற்றுக் கூடினாலும் தலை சுற்றும், சற்றுக் குறைந்தாலும் விழுத்தும். அதனால் முடிந்தவரை ஒரே கொம்பனிக் குளிசையையே தொடர்ந்து போடச் சொல்கிறார் டொக்டர். மாறத்தான் வேண்டும் என்றால் தனக்குச் சொல்லிவிட்டு மாறச் சொல்கிறார். சீஆர் என்ற இரண்டு எழுத்தை மட்டும் மாற்றவே வேண்டாமாம். துண்டில் அதைக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதுவார்.

அவருடைய மேசை லாச்சியில் சீஆர் கொப்பி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பாவிக்கிற தடித்த மட்டைக் கொப்பி. ஆம், அதுவும் சீஆர். நெடுநாள் வருத்தக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். என் பக்கத்தின் தலைப்பில் நிபுணரின் கடிதத்தைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார். கீழே திகதி, நிறை, எத்தனை குளிசை எழுதியது, அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது. கார்பமசெப்பின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் அதையும், ஈரலையும் வருடத்துக்கு ஒருதரம் பார்ப்பிக்கிறார். கொழும்புப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கொம்பியூட்டரில் இருக்கும். இங்கே கொப்பி. கரண்ட் போனாலும் திறக்கும்.

ஒரு தடவைக்கு என்னிடம் எடுப்பது 800 ரூபா. இரண்டு மாதத்துக்கு எழுதுவார், அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. நிபுணரைத் தனியாரில் சனல் பண்ணினால் எனக்கு மூவாயிரத்துக்கு மேலே போனது. அரசாங்கக் கிளினிக் முழுக்க இலவசம், மருந்தும் சேர்த்து. அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம், காசு இல்லாத காலத்தில் என்னைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் நாட்கூலி மாதிரி வேலை செய்கிறவனுக்குக் கிளினிக் நாள் என்றால் கடை பூட்டு. பின்னேரம் ஐந்து மணிக்குச் சைக்கிளில் போய் ஆறரைக்குத் திரும்பி, மிச்சக் காற்சட்டையைத் தைக்கலாம் என்பதற்குத்தான் அந்த 800.

குடும்ப டொக்டர் வலிப்புக்கு மருந்து எழுதுவது கள்ள வேலையோ குறுக்குவழியோ இல்லை. உலகத்தில் ஐந்து கோடி பேர் மட்டில் வலிப்போடு இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற நாடுகளில். இவ்வளவு பேருக்கும் நரம்பு டொக்டர் எங்கே இருக்கிறார்? உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே, நிபுணர் இல்லாத இடத்தில் சாதாரண டொக்டர்மார் வலிப்பையும் மனநோய்களையும் கவனிப்பதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பு இல்லாமல் இருக்கலாம் என்பதும் அவர்கள் சொல்கிற கணக்குத்தான். கனடாவில் இருக்கிற மச்சானும் குடும்ப டொக்டரிடம்தான் எடுக்கிறாராம்.

ஆனால் டிஸ்பென்சரி நல்லதா கூடாதா என்பது எழுதிக் கொடுப்பதில் தெரியாது. எனக்கு அது தெரிந்தது என் அக்காவின் மகளின் விஷயத்தில்.

பிள்ளைக்கு 23. கம்பசில் படிக்கிறாள். போன வருடம் சோதனைக் காலத்தில் ஒருநாள் விடிய விழுந்து வலிப்பு வந்தது. அக்கா அழுதுகொண்டு எனக்கு எடுத்தாள். குடும்பத்தில் வலிப்பு நிபுணர் நான்தானே. சத்தியமாக நான் என்ன நினைத்தேன் என்றால், என் குளிசையில் பாதியைக் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு டொக்டரிடம் கொண்டுபோவோம் என்று. அதற்கிடையில் லண்டனில் இருக்கிற சித்தி வட்ஸப்பில் வந்தாள். சித்தப்பா வலிப்புக்குப் போட்ட வல்புரோயேட் மூன்று பெட்டி மிச்சம் இருக்கிறது, அடுத்த கிழமை வாற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டு அலுமாரியில் ஒரு லண்டன் மருந்துப் பெட்டி இருக்கும். திகதி முடிந்திருக்கும், ஆனாலும் எறியமாட்டார்கள். லண்டன் மருந்து.

இரண்டையும் நான் டொக்டரிடம் சொன்னேன், கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டுகிற மாதிரி. அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்து, "மகள், விடிய எழும்பின கையோட தேத்தண்ணிக் கோப்பை கையால எறிபடுறதோ? பிரஷ் விழுறதோ?" என்று கேட்டார். பிள்ளை தாயைப் பார்த்தாள். இரண்டு வருடமாக எறிபடுகிறதாம். வீட்டில் "கவனமில்லாதவள்" என்று பேச்சு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று கோப்பை உடைத்திருக்கிறாள். அதுவும் வலிப்பின் ஒரு வகை என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "உம்மட குளிசையைக் குடுத்திருந்தா இந்தத் துடிப்பு இன்னும் கூடியிருக்கும்." கார்பமசெப்பின் சில வகை வலிப்பை அடக்கும், இந்த வகைத் துடிப்பைக் கிளப்பிவிடுமாம். எட்டு வருடம் நான் கும்பிட்டுப் போடுகிற குளிசை. எனக்கு வாய் அடைத்துவிட்டது.

லண்டன் பெட்டிக்கும் தலையாட்டினார். வல்புரோயேட் இந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளை. கர்ப்பத்தில் அந்த மருந்து போட்டால் நூறு பிள்ளையில் பத்துப் பிள்ளை மட்டில் உடல் குறையோடு பிறக்கலாம், முப்பது நாற்பது பிள்ளைக்கு வளர்ச்சி, படிப்பு, பேச்சில் பிரச்சினை வரலாம். "இன்னும் கலியாணம் கட்டேல்லையே டொக்டர்" என்று அக்கா சொன்னாள். "கட்டுவா தானே?" என்றார் அவர். அந்தச் சித்தி இருக்கிற லண்டனிலேயே, 2024 தை கடைசியில் இருந்து 55 வயதுக்குக் குறைந்த யாருக்கும், ஆணோ பெண்ணோ, இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் சூட்கேசில் வரவழைக்கப் பார்த்தோம்.

அவளுக்கு அவர் ஒரு குளிசையும் எழுதவில்லை. நிபுணருக்குக் கடிதம் எழுதினார், என் கடிதத்தை விட நீளம். எனக்கு முன்னாலேயே நிபுணரின் கிளினிக்குக்குப் போன் எடுத்து அந்தக் கிழமைக்குள் இடம் கேட்டார். அதுவரைக்கும் நித்திரை முழிக்கக் கூடாது, தனியக் கிணற்றடிக்குப் போகக் கூடாது, சைக்கிள் வேண்டாம் என்றார். விழுந்தால் என்ன செய்வது என்று அக்காவை நிலத்தில் படுக்க வைத்தே செய்து காட்டினார். அன்றைக்குக் காசு எடுக்கவில்லை, மருந்து தரவில்லையே என்றார். பிள்ளை இப்போது நிபுணர் எழுதின லெவெதிரசெட்டம் என்ற வேறு வலிப்புக் குளிசை போடுகிறாள். கோப்பை உடையவில்லை.

அது நடந்த பிறகு, பெரிய டொக்டரைப் பார்க்காமல் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், முதல் என் பதில்: ஒருதரமாவது பார்த்தாச்சா? பார்த்து, வகை தெரிந்து, அளவு பிடித்து, கடிதமும் இருந்தால் இந்த ஒழுங்கைக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் போங்கள், அவர் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவார். பாமசிக் கவுண்டருக்கு மட்டும் போகாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மாரியில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. வேறு ஓர் இடத்தில் கிளரித்ரோமைசின் எழுதித் தந்தார்கள். நானும் வலிப்புக் குளிசை போடுவதைச் சொல்லவில்லை, சளிக்குத்தானே என்று. வாங்க முன்னம் எதற்கும் இவரிடம் துண்டைக் காட்டினேன். "திரும்ப ஊசி ரெண்டாத் தெரியோணுமோ?" என்று கேட்டு வேறு மருந்து மாற்றினார். அந்த அன்ரிபயோற்றிக், கார்பமசெப்பினை உடம்பில் இருந்து வெளியேற விடாமல் தேக்கிவைக்குமாம். எரித்ரோமைசினும் அப்படித்தான். சளி, இருமல், பல் கொதி எதற்குப் போனாலும் குளிசை அட்டையைச் சட்டைப் பையில் கொண்டுபோகிறேன் இப்போது.

குளிசையை நிப்பாட்டவும் கேட்டுப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு மேலாக வலிப்பு இல்லை, இனி ஏன் என்று. "அது என்ர கையில இல்லை" என்று அடுத்த வருடாந்தப் பரிசோதனைக்குக் கேள்வியை எழுதித் தந்தார். ஆனால் ஒரு கணக்கும் சொன்னார். 1991இல் இங்கிலாந்தில் பெரிய ஆய்வு ஒன்று வந்ததாம். இரண்டு வருடமாவது வலிப்பு இல்லாமல் இருந்தவர்களில், மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்ப வந்தது. தொடர்ந்து போட்டவர்களிலும் 22 பேருக்கு வந்தது. இரண்டு இலக்கத்தையும் துண்டின் பின்னால் எழுதித் தந்து, "வீட்டை போய் ரெண்டு பேரும் யோசியுங்கோ. மின்சார மெஷினில கை வைக்கிற வேலை உமக்கு" என்றார். மனைவி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தானாக ஒருநாள் திடீரென்று நிறுத்துவதைப் பற்றி மட்டும் யோசிக்கவே கூடாதாம், அதில்தான் நிற்காத வலிப்பு வந்து ஆள் போகிறது.

குறைகள் இருக்கின்றன. நாலரைக்குத் திறக்கும் என்று பலகையில் இருக்கிறது, ஐந்துக்கு முன்னம் டொக்டர் வந்து நான் கண்டதில்லை. கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலை. உள்ளே ஆர் என்ன சொன்னாலும் வாங்கில் இருக்கிறவருக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு மனிசியின் மூலவியாதி விபரம் எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் தெரியும். துண்டு கொடுக்கிற அக்கா முதல் ஆறு மாதம் என்னை "வலிப்பு அண்ணை, வாங்கோ" என்றுதான் கூப்பிட்டார், விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்க. ஒருநாள் பொறுக்க முடியாமல் டொக்டரிடம் சொன்னேன். அடுத்த முறை "சீஆர் அண்ணை" ஆனேன். முன்னேற்றம்தான், ஆனால் வாங்கில் இருந்த ஒருவர் "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறியள்?" என்று கேட்டார்.

டொக்டரின் கையெழுத்தும் ஒரு குறைதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயில் இருந்து மருத்துவ நூல்களையே தமிழில் எழுதி வைத்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் என் துண்டில் இருப்பது ஆங்கிலமா, கோழிக்கிறுக்கலா என்று பாமசிக்காரரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சீஆருக்குக் கீழே போட்ட இரண்டு கோடு மட்டும் தெளிவாகத் தெரியும். கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தரக் கேட்டேன், அன்றில் இருந்து "காலை 1, இரவு 1, சப்பக் கூடாது" என்று எழுதுகிறார். சப்பினது எப்படியோ பிடிபட்டுவிட்டது.

மருந்து அங்கேயே கிடைக்காது, பாமசியில்தான் எடுக்க வேண்டும். காய்ச்சல், இருமலுக்கு மட்டும் அவரே கட்டிக் கொடுப்பார். போயாவுக்குப் பூட்டு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் திறந்திருந்தாலும் தேர், தீர்த்தத்துக்கு ஆள் இல்லை, அதற்கு முந்தின கிழமையே எழுதி எடுத்துவிடுங்கள். நான் எப்போதும் பத்து நாள் குளிசை கையில் இருக்கும்போதே போகிறேன். 2022க்குப் பிறகு அந்தப் பழக்கம்.

முதல்முறை போகிறவர்கள் நிபுணரின் கடிதம், பழைய கிளினிக் கொப்பி, இப்போது போடுகிற குளிசையின் வெறும் அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். உறைக்குள் எண்ணிப் போட்ட குளிசையைக் கொண்டுபோனால் பேச்சு விழும். விழுந்தபோது பக்கத்தில் நின்று பார்த்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் டொக்டர் கேட்கிற கேள்வியில் பாதிக்கு எங்களுக்குப் பதில் தெரியாது. ஐந்தேகாலுக்குப் போனால் நம்பர் பத்துக்குள் கிடைக்கும். சைக்கிளை வாசல் முருங்கைக்குக் கீழே விடாதீர்கள், மாரியில் மயிர்க்கொட்டி சீற்றில் ஏறியிருக்கும்.